உதவி விலகும் கணக்கு: இங்கிலாந்தின் சிக்ஸ்த் ஃபார்மில் ஆட்டிசம் உள்ள இளையோர்

இங்கிலாந்தில் ஜூன் மாதத்துக் கடைசி வெள்ளிக்கிழமைக்குச் சட்டத்தில் தனி இடம் உண்டு. கோடை விடுமுறை முடிவதற்குள் 16 வயதை எட்டிவிடும் எல்லாப் பிள்ளைகளுக்கும் கட்டாயப் பள்ளி வயது அன்றோடு முடிகிறது. சிறப்புத் தேவை உள்ள பிள்ளை என்றால் இன்னொன்றும் சத்தமில்லாமல் நடக்கிறது. இன்ன கல்லூரி வேண்டும் என்று கேட்பது, என்ன உதவி தரப்படும் என்று சொல்லும் சட்டப்படியான திட்டத்தைத் திருத்தச் சொல்வது, தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்வது என அதுவரை பெற்றோர் கையில் இருந்த உரிமைகள் பிள்ளையின் கைக்கு மாறுகின்றன. நேற்று வரை அம்மாவுக்கு வந்த கடிதம் இனி மகன் பெயருக்கு வரலாம். அந்த மகன் அதுவரை ஒரு கடித உறையைக்கூடப் பிரித்திருக்க மாட்டான்.

சிக்ஸ்த் ஃபார்ம் என்பது 12, 13-ஆம் ஆண்டுகள். வயது 16 முதல் 18 வரை. சிறப்புப் பள்ளிகள் பல 14-ஆம் ஆண்டு என்று ஒன்றைக் கூட்டி 19 வரை வைத்துக்கொள்கின்றன. 2015 முதல் இங்கிலாந்தில் எவரும் 18 வயது வரை ஏதாவது ஒரு கல்வியிலோ பயிற்சியிலோ இருந்தாக வேண்டும். மற்றப் பிள்ளைகளுக்கு இது பல்கலைக்கழகத்துக்கு ஏறும் படி. ஆட்டிசம் உள்ள பலருக்கோ, பெரியவர் வாழ்க்கையைப் பயிற்சி பெற்ற ஆட்களோடு ஒத்திகை பார்க்கக் கிடைக்கும் கடைசி நீண்ட காலம் இதுதான். ஒத்திகை நன்றாக நடந்ததா என்று பார்க்க ஓர் அளவுகோல் போதும்: செப்டம்பரில் அந்த இளைஞரின் தோளை ஒட்டி நின்ற உதவியாளர் ஜூலையில் எத்தனை அடி தள்ளி நிற்கிறார்? சான்றிதழ்களை அதற்குப் பிறகு எண்ணலாம்.

இந்தக் கவலை புதிதல்ல. பெற்றோர் சிலர் சேர்ந்து 1962-இல் தொடங்கிய அமைப்புதான் இன்றைய நேஷனல் ஆட்டிஸ்டிக் சொசைட்டி. 1965-இல் மேற்கு லண்டனின் ஈலிங்கில் அது ஒரு பள்ளி திறந்தது. நடத்தியவர் சிபில் எல்கர் என்ற ஆசிரியை. பிள்ளைகள் வளர்ந்தார்கள், அவர்கள் போக இடமில்லை. 1974-இல் சாமர்செட்டில் வளர்ந்தவர்களுக்கென்று ஓர் இல்லத்தை அமைக்க வேண்டியதாயிற்று. ஐம்பது ஆண்டு கழித்து, ஆட்டிசம் உடையோரின் வேலைவாய்ப்பைப் பற்றி 2024 பிப்ரவரியில் வெளியான பக்லண்ட் அறிக்கையும் அதே இடத்தில்தான் வந்து நின்றது: வேலை செய்யும் வயதில் உள்ள ஆட்டிசம் உடையோரில் பத்துக்குச் சுமார் மூன்று பேருக்குத்தான் வேலை இருக்கிறது. ஊனமுற்றோர் அனைவரையும் சேர்த்துப் பார்த்தால் அது பத்துக்கு ஐந்து.

ஐந்து நாள் மூன்று நாளாகும் இடம்

16-க்குப் பிறகு போக நாலு வகை இடங்கள் உண்டு. பொதுப்பள்ளியோடு இணைந்த சிக்ஸ்த் ஃபார்ம், ஊரின் பொதுக் கல்லூரி, சிறப்புப் பள்ளியின் சிக்ஸ்த் ஃபார்ம், தனிச் சிறப்புக் கல்லூரி. லண்டனில் ஆம்பிஷியஸ் காலேஜ் போன்ற சில சிறப்புக் கல்லூரிகள் பொதுக் கல்லூரி வளாகத்துக்குள்ளேயே இயங்குகின்றன. உணவகமும் நெரிசலும் பொது. பாடமும் ஆட்களும் தனி. இந்த ஏற்பாட்டில் பழகிக்கொள்ள நிஜமான கூட்டம் பக்கத்திலேயே கிடைக்கிறது. கூட்டம் தாங்காதபோது பின்வாங்க ஓர் அறையும் இருக்கிறது.

பெற்றோர் பலரைத் திகைக்க வைப்பது மணிக்கணக்கு. முழுநேர மாணவர் ஒருவருக்கு அரசு நிதி தருவது ஆண்டுக்குச் சுமார் 580 திட்டமிட்ட மணி நேரத்துக்கு. 36 வாரத்துக்குப் பிரித்தால் வாரம் 16 மணி. கல்லூரி இதை மூன்று நாளில் முடித்துவிடும். பள்ளியில் ஐந்து நாளும் காலை ஒன்பது முதல் மூன்றரை வரை இருந்த பிள்ளைக்குத் திடீரென்று வாரத்தில் இரண்டு வேலைநாள் வெற்றாகிறது. அந்த இரண்டு நாளும் பெரும்பாலும் படுக்கையறையில், திரைக்கு முன்னால் கழியும். கல்லூரியில் மூன்று நாளில் பழகியது இந்த இரண்டு நாளில் கரைந்துபோகும். சிறப்புத் தேவைக் கல்விக்கான சட்டத்தின் நடைமுறை வழிகாட்டி, தேவைப்படும் இடத்தில் கல்வி, சமூகப் பராமரிப்பு, உடல்நலம் மூன்றையும் சேர்த்து ஐந்து நாள் ஏற்பாடு ஒன்றைக் கட்டலாம் என்கிறது. யாரும் தாமாக முன்வந்து கட்டித்தர மாட்டார்கள். கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போதே 'மற்ற இரண்டு நாளில் என்ன?' என்று எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்க வேண்டும்.

இடமாற்றத்திலும் ஒரு பொறி இருக்கிறது. 11-ஆம் ஆண்டின் கடைசியில் எழுதும் ஜிசிஎஸ்இ தேர்வின் முடிவு ஆகஸ்ட் பிற்பகுதியில் வரும். வகுப்பு செப்டம்பர் முதல் வாரம் தொடங்கும். நடுவில் பத்துப் பதினைந்து நாள் எங்கே, எந்தப் பாடம் என்று உறுதியாகத் தெரியாது. நிச்சயமின்மையைத் தாங்குவதுதான் ஆட்டிசம் உள்ளவருக்கு மிகக் கடினம். 'கணக்கில் தரம் 4 வந்தால் இந்தப் படிப்பு, தரம் 3 வந்தால் அந்தப் படிப்பு, இரண்டுக்கும் கட்டடம் ஒன்றே' என்று இரண்டு கிளைகளையும் ஜூலையிலேயே படத்தோடு காகிதத்தில் போட்டுக் கொடுத்தால் அந்தப் பதினைந்து நாள் கடந்துவிடும். கல்லூரியைப் பார்க்கப் போவதும் திறந்த நாள் அன்று ஒருமுறை போய்வருவதோடு முடியக்கூடாது. அன்று பலூனும் கூட்டமுமாக இருக்கும் கல்லூரி சாதாரணச் செவ்வாய்க்கிழமை மதியம் இருக்கும் கல்லூரி அல்ல. ஆளில்லாத மாலையில் ஒருமுறை, சாப்பாட்டு நேர நெரிசலில் ஒருமுறை, பாடம் நடக்கும்போது ஒருமுறை என்று குறைந்தது மூன்று தடவையாவது போக வேண்டும். கழிவறை எங்கே என்பதை முதல் தடவையிலேயே காட்டிவிடுவது நல்லது. அது தெரியாமல் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருக்கும் மாணவர்கள் உண்டு.

திட்டத்தில் எழுதப்படும் வாக்கியம்

கல்வி, உடல்நலம், பராமரிப்பு மூன்றையும் சேர்த்த சட்டப்படியான திட்டத்தை எல்லோரும் ஈஎச்சிபி என்கிறார்கள். 2014-ஆம் ஆண்டின் குழந்தைகள், குடும்பங்கள் சட்டம் கொண்டுவந்தது. 2025 ஜனவரியில் இங்கிலாந்தில் 6 லட்சத்து 38 ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு இது இருந்தது; அவர்களிடம் மிக அதிகமாகப் பதிவான முதன்மைத் தேவை ஆட்டிசம். 25 வயது வரை நீடிக்கலாம். 'நீடிக்கலாம்' என்பதுதான் சொல். கற்க வேண்டியது இன்னும் இருக்கிறது என்று காட்டினால்தான் நீடிக்கும்.

9-ஆம் ஆண்டிலிருந்து ஒவ்வோர் ஆண்டு மறுபரிசீலனைக் கூட்டமும் வளர்ந்தவர் வாழ்க்கைக்கான ஆயத்தத்தைப் பேசியாக வேண்டும். வேலை, சுயமாக வாழ்தல், நட்பும் சமூகமும், உடல்நலம் என்று நாலு தலைப்பு. 16-க்குப் பிறகு எங்கே என்பதைத் திட்டத்தில் எழுதி முடிக்கக் கவுன்சிலுக்கு (உள்ளாட்சி அமைப்பு) உள்ள கெடு, மாற்றம் நடக்கும் ஆண்டின் மார்ச் 31. ஆகவே 11-ஆம் ஆண்டின் இலையுதிர்காலக் கூட்டம்தான் முடிவைத் தீர்மானிக்கும் கூட்டம். ஈஸ்டருக்குப் பிறகு விழித்துக்கொள்ளும் குடும்பம் இருக்கும் இடத்தை ஏற்றுக்கொள்ளவோ, மேல்முறையீட்டுக்குப் போகவோ வேண்டியிருக்கும். அதற்குக் கெடு, முடிவுக் கடிதத் தேதியிலிருந்து இரண்டு மாதம், அல்லது சமரச வழியைப் பரிசீலித்ததற்கான சான்றிதழிலிருந்து ஒரு மாதம்; எது பிந்தியதோ அது.

திட்டத்தில் சட்ட வலு மிகுந்தது எஃப் பகுதி. என்ன உதவி தரப்படும் என்று சொல்வது அது. 'சமூகத் திறன்களை வளர்க்க வாய்ப்புகள் வழங்கப்படும்' என்று எழுதினால் ஒன்றுமே எழுதாததற்குச் சமம். 'வாரம் இருமுறை, ஒவ்வொன்றும் 45 நிமிடம், நாலு பேருக்கு மிகாத குழுவில், பேச்சு மொழி சிகிச்சையாளர் வகுத்த முறைப்படி, பயிற்சி பெற்ற உதவியாளர் நடத்துவார். பருவத்துக்கு ஒருமுறை சிகிச்சையாளர் நேரில் பார்ப்பார்' என்பது வாக்கியம். யார், எவ்வளவு, எத்தனை முறை, யார் மேற்பார்வை என்ற நாலு கேள்விக்கும் அதில் விடை இருக்கிறது.

இனி ஒரு சங்கடமான உண்மை. எஃப் பகுதி உதவியை மணிக்கணக்கில் எழுதுகிறது. கவுன்சிலின் பணமும் அந்த மணிக்கணக்கைத் தொடர்ந்தே போகிறது. முதல் 6,000 பவுண்டு கூடுதல் செலவைப் பள்ளி அல்லது கல்லூரியின் நிதியே ஏற்கும், மேலே போவதைக் கவுன்சில் தரும். எனவே 'இவருக்கு இப்போது உதவி குறைவாகப் போதும்' என்று காட்டினால் பணம் குறையும் என்று கல்லூரி அஞ்சுகிறது. உதவியே போய்விடும் என்று பெற்றோர் அஞ்சுகிறார்கள். இரண்டு அச்சத்துக்கும் நியாயம் உண்டு. விளைவு என்னவென்றால், உதவியாளரை விலக்கிப் பார்க்க யாருக்கும் ஆர்வம் இல்லை. பையன் 19 வயதில் வெளியே வரும்போது அவன் கற்றுக்கொண்ட ஒரே உறுதியான திறன் 'பக்கத்தில் இருப்பவர் சொல்லும் வரை காத்திருப்பது' என்றாகிறது.

இதற்குத் தீர்வும் அதே எஃப் பகுதியிலேயே இருக்கிறது. மணிகளைக் குறைக்காமல் மணிகளின் வேலையை மாற்றி எழுதலாம். முதல் பருவத்தில் வாரம் பத்து மணி நேரடி உதவி. அடுத்த பருவத்தில் அதே பத்தில் ஐந்து மணி புதிய இடங்களில் கற்பிக்க, மூன்று மணி தள்ளி நின்று கவனிக்க, இரண்டு மணி பதிவுகளைப் பார்த்துத் திட்டத்தை மாற்ற. பணம் அப்படியே நிற்கும், ஆள் மட்டும் விலகுவார். இப்படி எழுதக் கேட்பவர்கள் மிகக் குறைவு.

சோறு வைக்கக் கற்பது

உதவி விலகுவதற்கு முறை இருக்கிறது. ரைஸ் குக்கரில் சோறு வைப்பதை எடுத்துக்கொள்வோம். நமக்கு ஒரு வேலை. பிரித்தால் பதினொரு படி: கைகழுவுதல், பாத்திரத்தை வெளியே எடுத்தல், அரிசியை ஒரு கப் அளத்தல், மூன்று தண்ணீரில் கழுவுதல், கோடு வரை தண்ணீர் ஊற்றுதல், பாத்திரத்தின் அடியைத் துணியால் துடைத்தல், குக்கரில் வைத்தல், மூடுதல், பிளக்கைச் சொருகுதல், பொத்தானை அழுத்துதல், விளக்கு மாறியதும் பத்து நிமிடம் பொறுத்தல். அடியைத் துடைக்கும் படியை எழுத எல்லோரும் மறப்பார்கள். நாம் நினைக்காமலே செய்வதால் அது நம் கண்ணில் படுவதில்லை. அதைத் தவிர்த்தால் ஈரம் தகட்டில் பட்டுக் குக்கர் சடசடக்கும், அந்தச் சத்தத்தில் மாணவர் சமையலறையை விட்டே ஓடிவிடலாம். படிகளை எழுதிய பிறகு ஒருவர் அந்தத் தாளை மட்டும் பார்த்து, தாளில் இல்லாத எதையும் செய்யாமல், ஒருமுறை செய்து பார்க்க வேண்டும். அப்போதுதான் ஓட்டைகள் தெரியும்.

கற்பிக்கும்போது பல சமயம் கடைசியிலிருந்து தொடங்குவது பலன் தரும். பத்துப் படியை ஆசிரியர் செய்ய, கடைசிப் படி மாணவருடையது. சோற்றைத் திறந்து சாப்பிடுவது அவர். அது நிலைத்ததும் பத்தாவது படியும் அவருடையதாகும். ஒவ்வொரு தடவையும் வேலை முடிந்த நிறைவோடு பாடம் முடிகிறது.

உதவிக்குப் பல தரம் உண்டு: கையைப் பிடித்துச் செய்வித்தல், செய்து காட்டல், சுட்டிக் காட்டல், படம், வாய்ச்சொல். வாய்ச்சொல் லேசானது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். கொடுக்க லேசு, எடுக்கத்தான் கடினம். 'அடுத்து என்ன?' என்று உதவியாளர் கேட்பதும் ஓர் உதவிதான். அந்தக் கேள்வி வராவிட்டால் அடுத்த படியே வராத நிலைக்கு மாணவர் பழகிவிடுவார். படம் அப்படியல்ல. அது சுவரிலோ போனிலோ இருக்கும், மாணவர் தானே பார்த்துக்கொள்வார், கூடவே எடுத்தும் போகலாம். அதனால் உதவியாளர்களுக்குக் கற்றுத்தர வேண்டிய முதல் பாடம் வாயை மூடிக்கொள்வது. மனதுக்குள் பத்து எண்ணி, பிறகு படத்தைச் சுட்டி, அதற்கும் ஆகாவிட்டால் மட்டும் பேச வேண்டும். பத்து விநாடி மௌனம் பார்ப்பவருக்கு அலட்சியம் போலத் தெரியும். ஆட்டிசம் உள்ள பலருக்குக் கேட்டதைப் பிரித்தறியவே அந்த நேரம் தேவை. நடுவில் அதே கேள்வியை வேறு சொற்களில் கேட்டால் எண்ணம் முதலிலிருந்து தொடங்கும்.

பதிவுக்கு ஒரு தாள் போதும். இடப்பக்கம் பதினொரு படி, மேலே தேதிகள். ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் எழுத்து: தானாக, படம் பார்த்து, சுட்டியபின், சொன்னபின், கைபிடித்து. நாலு வாரத்தில் எந்தப் படி நகரவில்லை என்று கண்ணுக்குத் தெரியும். பெரும்பாலும் நகராதது ஒரே ஒரு படியாக இருக்கும், அது திறமை சார்ந்ததாகவும் இராது. ஈர அரிசி விரலில் ஒட்டும் உணர்வு பொறுக்கவில்லை என்றால் சல்லடை கொடுத்தால் தீர்ந்தது.

பிறகு வருவது இடம் மாறும் சிக்கல். பள்ளிகள் பல பயிற்சிக்கென்று ஒரு குடியிருப்பை வைத்திருக்கின்றன. அங்கே துணி துவைக்கும் இயந்திரத்தில் சரியான எண்ணுக்கு நேரே சிவப்பு ஒட்டு இருக்கும். வீட்டு இயந்திரத்தில் ஒட்டும் இல்லை, எண்ணும் வேறு. ஆட்டிசம் உள்ள மாணவர் கற்றது 'சிவப்பு ஒட்டுக்குத் திருப்புவது', துவைப்பதை அல்ல. ஆகவே இரண்டு இடத்தில், இரண்டு வேறு ஆட்கள் முன்னால், உதவியின்றிச் செய்த பிறகே 'வந்துவிட்டது' என்று எழுத வேண்டும். வீட்டார் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள உதவி செலவில்லாதது: வீட்டு இயந்திரத்தின் முகப்பை, அடுப்பின் குமிழ்களை, வாசல் பூட்டைப் படமெடுத்து ஆசிரியருக்கு அனுப்புவது.

லண்டனின் ஹாரோ, ஈலிங், நியூஹாம், கிராய்டன் பக்கத்துத் தமிழ் வீடுகளில் இது வேறு வடிவம் எடுக்கிறது. பள்ளி ஆறு வாரம் பாடுபட்டுத் தட்டில் சோறு போடக் கற்றுக்கொடுக்கும். வீட்டில் அவர் மேசைக்கு வரும் முன்பே அம்மா பிசைந்து வைத்திருப்பார். அன்பைக் குறை சொல்வதற்கில்லை. நேரமும் இல்லை, மாலையில் மூன்று பேர் பசியோடு இருப்பார்கள். அதனால் ஏழு நாளும் கேட்காமல் ஒரே ஒரு வேளையை, சனிக்கிழமை மதியத்தை, அவருக்கு விட்டுவிடச் சொல்வது நடக்கக்கூடியது. மொழியும் கவனிக்க வேண்டியது. பள்ளியில் 'ரின்ஸ்', வீட்டில் 'களைஞ்சு விடு'. ஒரே படத்தின் கீழே இரண்டு சொல்லும் இருந்தால் குழப்பம் தீரும். ஆங்கிலம் மட்டுமே பேசுங்கள் என்று ஒருகாலத்தில் பெற்றோருக்குச் சொல்லப்பட்டது. இரண்டு மொழி கேட்டு வளர்வது ஆட்டிசம் உள்ள பிள்ளையின் மொழி வளர்ச்சியைக் கெடுப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. பாட்டியோடு பேச முடிவதும் 'நட்பும் சமூகமும்' என்ற தலைப்புக்குள்தான் வரும்.

'சுயமாக வாழ்தல்' என்றாலே தனி வீடு என்று கூட்டத்தில் எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள். குடும்பத்தோடுதான் இருக்கப்போகிறார் என்றால் அதைத் தயங்காமல் சொல்லலாம். 'குடும்ப வீட்டில் நாலு மணி நேரம் தனியாகப் பாதுகாப்பாக இருப்பார், மதிய உணவைத் தானே செய்வார், கதவைத் தட்டும் அந்நியருக்குத் திறக்க மாட்டார்' என்பது முழுமையான, அளக்கக்கூடிய இலக்கு. அப்படி எழுதாவிட்டால் 'சுயசார்பு திறன்களை வளர்ப்பார்' என்ற வெற்று வரி அந்த இடத்தை நிரப்பும்.

பஸ் திரும்பிப்போனால்

பயணப் பயிற்சியில் எல்லோரும் வழியைக் கற்பிக்கிறார்கள். வழி எளிது, ஆட்டிசம் உள்ளவர்கள் பலர் நம்மைவிட நன்றாக வழி நினைவில் வைப்பார்கள். உடைவது வழி மாறும்போதுதான். லண்டன் பஸ்ஸில் 'இந்தப் பஸ் மாற்றுப் பாதையில் செல்கிறது' என்ற அறிவிப்பு, நடுவழியில் எல்லோரையும் இறக்கிவிடுவது, நிறுத்தத்தில் கைகாட்டியும் நிற்காமல் போவது, போனில் மின்சாரம் தீர்வது: இந்த நாலும் எப்படியும் ஒருநாள் நடக்கும். ஆகவே இந்த நாலையும் வேண்டுமென்றே ஏற்பாடு செய்து பழக்க வேண்டும். பயிற்சியாளர் முதலில் பக்கத்து இருக்கையில், பிறகு பின் இருக்கையில், பிறகு மாடித் தளத்தில், பிறகு அடுத்த பஸ்ஸில், கடைசியில் போய்ச்சேரும் நிறுத்தத்தில் நிற்பார். ஒவ்வொரு கட்டமும் தொடர்ந்து சில தடவை சரியாக வந்தபிறகே அடுத்தது. நடுவில் விடுமுறை வந்தால் ஒரு கட்டம் பின்னால் போய்த் தொடங்குவது நேரத்தை மிச்சப்படுத்தும்.

வண்டி வசதி பற்றி ஒரு வார்த்தை. பள்ளிக்கு அழைத்துப்போகக் கவுன்சில் தரும் இலவச வண்டி 16 வயதுக்குப் பிறகு தானாகத் தொடராது. கவுன்சில் ஒவ்வோர் ஆண்டும் மே 31-க்குள் 16-க்கு மேற்பட்டோருக்கான போக்குவரத்துக் கொள்கையை வெளியிடும், கட்டணமும் கேட்கலாம். தேவை என்று ஏற்கப்பட்டால் 19 வயதுக்குப் பிறகு தொடங்கும் படிப்புக்கு அது இலவசம். நடுவில் உள்ள மூன்று ஆண்டுதான் தகராறு.

வேலைத்தளத்தில் ஓராண்டு

சப்போர்ட்டட் இன்டர்ன்ஷிப் என்ற ஏற்பாடு முதன்மையாக ஈஎச்சிபி உள்ள 16 முதல் 24 வயதினருக்கானது. குறைந்தது ஆறு மாதம், வழக்கமாக ஒரு கல்வியாண்டு, சம்பளம் இல்லை, நேரத்தின் பெரும்பகுதி நிஜ வேலைத்தளத்தில். இதில் பெயர்பெற்ற மாதிரி 1996-இல் அமெரிக்காவின் சின்சினாட்டியில் ஒரு குழந்தைகள் மருத்துவமனையில் தொடங்கிய ப்ராஜெக்ட் சர்ச். பிரிட்டனில் டிஎஃப்என் ப்ராஜெக்ட் சர்ச் என்ற பெயரில் மருத்துவமனைகளிலும் கவுன்சில் அலுவலகங்களிலும் நடக்கிறது. வேலைத்தளத்துக்குள்ளேயே ஒரு வகுப்பறை. காலையில் அங்கே கூடிப் பிறகு துறைகளுக்குப் பிரிவார்கள். ஆண்டில் மூன்று சுற்று, சுற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு வாரம். மருந்துக்கூடத்தில் அடுக்குதல், ஆய்வகத்தில் மாதிரிகளை வரிசைப்படுத்துதல், அறைகளுக்குப் பொருள் நிரப்புதல் என்று.

இந்த மாதிரியின் சூட்சுமம் வேலைத்தளத்தில் கூடவே இருந்து கற்பிக்கும் ஜாப் கோச்சிடம் இருக்கிறது. அவர் முதலில் அந்த வேலையைத் தானே செய்து பார்த்துப் படிகளாகப் பிரிப்பார்; பிறகு கற்பிப்பார்; பிறகு துறையின் சக ஊழியர் ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு விலகுவார். விலகாத ஜாப் கோச் இருக்கும் இடத்தில் முதலாளி கணக்குப் போடுவது ஒரு வேலைக்கு இரண்டு ஆள் என்று. அங்கே வேலை கிடைக்காது.

வேலை போவது பெரும்பாலும் வேலையால் அல்ல. இடைவேளையால். யாரோடு உட்காருவது, எப்போது எழுவது, 'வீக் எண்ட் எப்படி?' என்பதற்கு எவ்வளவு நீளம் பதில் சொல்வது. எனவே இடைவேளைக்கும் படித்தாள் வேண்டும்: எந்த மேசை, ஹெட்ஃபோன் போடலாமா, அலாரம் எத்தனை மணிக்கு. நேர்காணலும் அப்படியே. 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்ற கேள்வி ஆட்டிசம் உள்ளவருக்குத் திசையற்ற வெளி. 2010-ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டப்படி நியாயமான மாற்றம் கேட்கலாம்: கேள்விகளை முன்கூட்டியே தருவது, அல்லது பேச்சுக்குப் பதில் இரண்டு மணி நேரம் வேலை செய்து காட்டச் சொல்வது. ஜாப் கோச் செலவுக்கு அரசின் ஆக்சஸ் டு வொர்க் நிதி உண்டு. விண்ணப்பங்கள் தேங்கிக் கிடப்பதால் வேலை உறுதியான அன்றே போட்டுவிட வேண்டும்.

படிப்பில் கெட்டிக்காரர்களின் கதி

பல்கலைக்கழகத்துக்கு வழிவிடும் ஏ-லெவல் தேர்வில் மூன்று பாடம் எடுக்கக்கூடிய மாணவருக்கு இதெல்லாம் தேவையில்லை என்று பள்ளி நினைத்துவிடும். இவர்கள்தான் 12-ஆம் ஆண்டின் நவம்பர் வாக்கில் வருவதை நிறுத்துகிறார்கள். காரணம் பாடமாக இருப்பது அரிது. 11-ஆம் ஆண்டு வரை ஒவ்வொரு மணிக்கும் ஓர் அறை இருந்தது. இப்போது வாரத்தில் பத்துக்கும் மேற்பட்ட காலி வகுப்புகள், இரைச்சலான பொது அறை, சீருடை இல்லாததால் தினமும் காலையில் உடை முடிவு, ஆசிரியரைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் புது வழக்கம். 'சுதந்திரமாகப் படி' என்பது கட்டளையே அல்ல. காலி வகுப்பையும் கால அட்டவணையில் அச்சிட்டு, நூலகத்தில் இன்ன மேசை, இன்ன பாடத்தின் இன்ன பணி என்று எழுதிக் கொடுத்தால் பாதிச் சிக்கல் தீர்கிறது. பகலில் எல்லாம் சரிபோல நடித்துவிட்டு வீட்டுக்கு வந்து சுருண்டு விழும் பிள்ளைகள், குறிப்பாகப் பெண்பிள்ளைகள், பள்ளியின் கண்ணில் படவே மாட்டார்கள்.

தேர்வுக்கு 25 சதவீதக் கூடுதல் நேரத்தைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். சிலருக்கு அது தண்டனை. இரைச்சலில் இன்னும் அரைமணி. கடிகாரத்தை நிறுத்திவிட்டு எழுந்து நடக்கும் இடைவேளையும் தனி அறையும் பல சமயம் கூடுதலாக உதவும். எதுவானாலும் அன்றாட வகுப்பிலும் அதுவே வழக்கம் என்று பள்ளி காட்ட வேண்டும், மே மாதத்தில் புதிதாகக் கேட்க முடியாது. பல்கலைக்கழகம் போனால் ஈஎச்சிபி முடிந்துவிடும். அதற்குப் பதிலான ஊனமுற்ற மாணவர் உதவித்தொகைக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். இடம் உறுதியாகும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

16-இலும் 18-இலும் வரும் காகிதங்கள்

16 வயதிலிருந்து 2005-ஆம் ஆண்டின் மனத்திறன் சட்டம் பொருந்தும். முடிவெடுக்கும் திறன் இருக்கிறது என்பதே தொடக்க நிலை. இல்லை என்று சொல்பவர்தான் காட்ட வேண்டும், அதையும் முடிவுக்கு முடிவு தனித்தனியாக. மதியம் என்ன சாப்பிடுவது என்று முடிவெடுக்க முடிந்தவருக்குக் குத்தகைப் பத்திரத்தில் கையெழுத்திடும் திறன் இல்லாமல் இருக்கலாம். புரிந்துகொள்ளுதல், நினைவில் வைத்தல், எடை போடுதல், வெளிப்படுத்துதல் என்ற நாலையும் பார்க்கிறார்கள். படம் காட்டி, நேரம் கொடுத்துக் கேட்டுப் பார்க்காமல் 'திறன் இல்லை' என்று எழுத முடியாது. கல்லூரியைத் தேர்வு செய்யும் திறன் இல்லை என்று முடிவானால் மட்டுமே ஈஎச்சிபி உரிமைகள் பெற்றோர் வழியாகச் செல்லும்.

அதே 16-இல் ஊனமுற்ற குழந்தைகளுக்கான டிஎல்ஏ உதவித்தொகை நின்று, வளர்ந்தவர்களுக்கான பிப் உதவித்தொகை தொடங்குகிறது. படிவத்தில் 'சமைக்க முடியுமா' என்ற கேள்விக்குப் பெற்றோர் பெருமையோடு 'முடியும்' என்று எழுதிவிடுவார்கள். கேட்கப்படுவது வேறு: பாதுகாப்பாக, ஏற்கத்தக்க தரத்தில், திரும்பத்திரும்ப, நியாயமான நேரத்துக்குள், யாரும் தூண்டாமல் முடியுமா? மேலே சொன்ன பதினொரு படித் தாள் இங்கே முதல்தரச் சான்று. 'ஐந்து படிக்கு இன்னும் சொன்னபின்தான் செய்கிறார்' என்று தேதியோடு காட்டும் தாளுக்கு முன்னால் பொதுப்படையான மருத்துவக் கடிதம் நிற்காது.

18-இல் இன்னொரு கதவு மூடுகிறது. 2002 செப்டம்பர் 1 முதல் 2011 ஜனவரி 2 வரை பிறந்தவர்களுக்கு அரசு தொடங்கி வைத்த சைல்ட் டிரஸ்ட் ஃபண்ட் என்ற சேமிப்புக் கணக்கு 18-ஆம் பிறந்தநாளில் அவர் சொத்தாகிறது. நிதி முடிவெடுக்கும் திறன் இல்லாதவர் என்றால் பெற்றோரால் தொட முடியாது; திறன் இல்லாதவர்களின் விவகாரங்களுக்கான நீதிமன்றமான கோர்ட் ஆஃப் புரொடெக்‌ஷன் ஆணை வேண்டும். அதற்கு மாதங்கள் ஆகும், ஆகவே 17-இலேயே தொடங்க வேண்டும். 2014-ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டத்தின் (கேர் ஆக்ட்) 58-ஆம் பிரிவுப்படி, 18-க்குப் பிறகும் பராமரிப்புத் தேவை இருக்கும் என்றால் வயது வந்தோர் சேவையின் மதிப்பீட்டை முன்னரே கேட்கலாம். கல்விக்குப் பணம் கேட்காத அதே கவுன்சில், வயது வந்தோர் பராமரிப்புக்கு வருமானமும் சேமிப்பும் பார்க்கும். 23,250 பவுண்டுக்கு மேல் அவர் பெயரில் சேமிப்பு இருந்தால் பொதுவாக முழுச் செலவும் அவருடையது. பிள்ளை பெயரில் பாட்டி போட்டு வைத்த பணம் இங்கே எண்ணப்படும்.

ஜிபி எனப்படும் குடும்ப மருத்துவர் தரும் ஆண்டு உடற்பரிசோதனை 14 வயதிலிருந்து உண்டு. அது கற்றல் குறைபாட்டுப் பதிவேட்டில் உள்ளவர்களுக்கானது. ஆட்டிசம் மட்டும் உள்ளவர் அதில் வரமாட்டார். அவர் வயிற்றுவலிக்குக் காலை எட்டு மணிக்கு ஜிபி அலுவலகத்தை அழைத்து, வரிசையில் காத்திருந்து, 'என்ன பிரச்சினை?' என்று கேட்கும் வரவேற்பாளருக்குப் பதில் சொல்லத் தெரிந்தவராக இருக்க வேண்டும். எழுதி வைத்த மூன்று வரியோடு, உண்மையான எண்ணுக்கு, ஆசிரியர் அடுத்த அறையில் இருக்க, கடைசிப் பருவத்தில் இரண்டு முறையாவது அதைச் செய்து பார்த்துவிடுவது உசிதம்.